தள்ளாத வயதும் தாங்கும் வலிமையும்

திருவண்ணாமலையில் பௌர்ணமிதோறும் நாம் காணும் காட்சி ஒன்று உண்டு. ஏறத்தாழ 14 கிலோமீட்டர் நீளமுள்ள மலைவலப் பாதையில், இளைஞரோடு எழுபதைக் கடந்த முதியோரும் நடந்து செல்கின்றனர். சமயம் வேறாயினும் அம்மூத்தோரின் நடையை வியவாதிருத்தல் இயலாது. எனினும், பாதையோரம் இளைப்பாற அமர்ந்த சிலர், மீண்டும் எழுவதற்கு ஒருவர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது. நெடுந்தொலைவு நடக்கும் கால்கள், தரையிலிருந்து எழ ஏன் தயங்குகின்றன?

நடை இதயத்துக்கும் மூச்சுக்கும் நல்லது. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தவும் துணைசெய்யும். தசையின் வலிமையோ வேறு வகையானது. வழக்கத்தினும் சற்று மிகுதியான சுமையைத் தாங்கும்போதுதான் தசை வலுப்பெறும். நடுவயது முதல் சிறுகச் சிறுகக் குறையும் தசை, அறுபதுக்குப் பின் விரைந்து தேய்கிறது. படியேறுதல், இடறும்போது விழாது காலூன்றுதல், திருப்பலியில் முழந்தாளிட்டு எழுதல் ஆகிய யாவற்றுக்கும் வேண்டுவது இவ்வலிமையே.

“வயதாகிவிட்டது, இனி என்ன செய்ய?” என்று கேட்போர் பலர். அவர்களுக்கு 1990-இல் வெளிவந்த ஓர் ஆய்வு விடை கூறும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த 86 முதல் 96 வயது வரையுள்ள பத்துப் பேருக்கு, எடை கொண்டு கால்களுக்குப் பயிற்சி அளித்தனர். எட்டு வாரங்களை நிறைவுசெய்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் ஊன்றுகோலையே விட்டனர். ஆனால் பயிற்சியை நிறுத்திய நான்கு வாரங்களில் வலிமை பெரிதும் குன்றியது. தொடங்குதற்கு வயது தடையன்று. தொடர்தலே தேவை என்பது இதனால் விளங்கும்.

உலக சுகாதார நிறுவனமும், முதியோர் வாரத்தில் இரண்டு நாளேனும் தசைகளை வலுப்படுத்த வேண்டுமென 2020-இல் அறிவுறுத்தியது. இதனை நம் இல்லங்களில் எவ்வாறு திட்டமிடலாம்?

முதற்கண் மருத்துவரின் அனுமதி வேண்டும். கட்டுப்படாத இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆகியவை உள்ளோர்க்கு இது இன்றியமையாதது. பின்னர், இடையில் ஒருநாள் ஓய்வு விட்டு, வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள்களைக் குறித்துக்கொள்க. ஐந்து நிமிடம் மெல்ல நடந்தபின் இந்நான்கு பயிற்சிகளையும் செய்யலாம்.

ஒன்று, சுவரோரம் அசையாது வைத்த நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து, மெதுவாக அமர்தல். இயலாதவர் தலையணையிட்டு இருக்கையை உயர்த்திக்கொள்ளலாம். இரண்டு, நாற்காலியின் முதுகைப் பற்றி நின்று குதிகால்களை உயர்த்துதல். மூன்று, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி உடலைத் தள்ளுதல். நான்கு, துணிப்பையில் ஒரு கிலோ அரிசியிட்டு முழங்கையை மடக்கித் தூக்குதல். அதுவும் கடினமாயின் அரைக்கிலோ போதும்.

ஒவ்வொன்றையும் 8 முதல் 12 முறை செய்க. இறுதி இரண்டு முறை சற்றுக் கடினமாயிருத்தல் வேண்டும். பன்னிரண்டும் எளிதாகிவிட்டால் மற்றொரு சுற்றுச் சேர்க்கலாம். அல்லது பையில் கால்கிலோ கூட்டலாம். இவ்வாறு படிப்படியாகச் சுமையை உயர்த்துவதே திட்டத்தின் உயிர்நிலை. மூச்சை அடக்கலாகாது, எழும்போதும் தூக்கும்போதும் வெளியே விடுக. மறுநாள் தசையில் சிறிது வலி தோன்றுவது இயல்பே. மூட்டில் கூர்மையான வலியோ, மயக்கமோ, நெஞ்சில் இறுக்கமோ தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவரை நாடுக.

உணவின்றித் தசை வளராது. கஞ்சியும் ஊறுகாயும் போதுமென்றிருக்கும் பாட்டிமார்க்குப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றை அன்றாடம் கொடுத்தல் நன்று. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.

படுக்கையோடு தளர்ந்தவர்க்கும் வழியுண்டு. 2021-இல் தமிழகத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், இயன்முறைச் சிகிச்சையையும் இல்லந்தேடிக் கொணர்ந்தது. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் இத்தகைய உதவி குறித்துக் கேட்டறியலாம்.

இறுதியாக இளையோர்க்கு ஒரு சொல். “அம்மா, நீங்கள் சும்மா உட்காருங்கள்; நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று அன்பின் மிகுதியால் அவர்கள் கைவேலைகளையெல்லாம் வாங்கிக்கொள்கிறோம். வேலை குறையக் குறைய அவர்களின் வலிமையும் குறைகிறது. ஒருநாள் கழிவறைக்குச் செல்லவும் பிறர் கையை எதிர்பார்க்கும் நிலை வருகிறது. அது அவர்களுக்கு எத்துணை வேதனை! ஆதலின் அவர்களால் இயன்ற சிறு சுமையை அவர்களிடமே விடுவோம். வாரத்தில் இரண்டு மாலைகள் அருகில் நின்று, பேரப்பிள்ளைகள் எண்ணிக்கை சொல்லட்டும். தாத்தாவும் பாட்டியும் எழுந்து அமரட்டும். பெற்றோரைத் தாங்குவது நம் கடமை. அவர்கள் தம்மைத் தாமே தாங்கிக்கொள்ளத் துணைநிற்பதும் அக்கடமையின் பகுதியே.