போர் விமானத்திலிருந்து பயணிகள் விமானத்துக்கு

கீழ்பென்னாத்தூர் மாதிரி ஊரில் பிளஸ் டூ படிக்கும் பிள்ளை "பைலட் ஆகணும்" என்று சொன்னால், வீட்டில் முதலில் வரும் கேள்வி, "அதுக்கு எவ்வளவு செலவாகும்?" என்பதுதான். தனியார் பயிற்சிப் பள்ளி என்றால் பல லட்சங்கள். நிலத்தை விற்கணுமா என்ற பேச்சோடு அந்த ஆசை அடங்கிவிடும்.

இன்னொரு வழி உண்டு. முதலில் விமானப்படை, பிறகு பயணிகள் விமானம். இது புதிய வழியல்ல. 1932 அக்டோபரில் டாடாவின் விமானத் தபால் சேவை தொடங்கியபோது, கராச்சியிலிருந்து பம்பாய் வரை ஜே.ஆர்.டி. டாடா ஓட்டிவந்தார். அங்கிருந்து பெல்லாரி வழியாகச் சென்னைக்குத் தபாலைக் கொண்டுவந்தவர் நெவில் வின்சென்ட். அவர் பிரிட்டிஷ் விமானப்படையில் பறந்தவர்.

இன்று பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் என்.டி.ஏ. தேர்வு எழுதலாம். 2022 முதல் பெண் பிள்ளைகளும் அங்கே சேர்கிறார்கள். பட்டம் முடித்தவர்களுக்கு ஏஎஃப்கேட் தேர்வு இருக்கிறது. பயிற்சிச் செலவு அரசுடையது. குறுகிய காலப் பணியில் சேரும் விமானிக்கு 14 ஆண்டு சேவை. நடுவில் நினைத்தபோது விலகி வர முடியாது. முடித்து வரும்போது வயது நாற்பதைத் தொட்டிருக்காது. பயணிகள் விமானத்தை 65 வயது வரை ஓட்டலாம்.

ஆனால் வெளியே வந்ததும் பதவியும் பதக்கமும் உதவாது. டி.ஜி.சி.ஏ. தேர்வுகள், மருத்துவப் பரிசோதனை, ஓட்டப்போகும் விமானத்துக்கான தனிப் பயிற்சி எல்லாம் உண்டு. கேப்டன் ஆவதற்கான உரிமத்துக்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். போர் விமானப் பயணங்கள் குறுகியவை என்பதால் மணிக்கணக்கு மெதுவாகத்தான் ஏறும். அதனால் பலரும் துணை விமானியாகவே தொடங்குகிறார்கள். பக்கத்தில் இருக்கும் கேப்டன் வயதில் சின்னவராகவும் இருக்கலாம்.

அதைவிடக் கடினமானது பழக்கத்தை மாற்றுவது. ஒற்றை இருக்கைப் போர் விமானத்தில் முடிவு ஒருவருடையது. பயணிகள் விமானத்தில் இன்னொருவர் சொல்வதையும் கேட்க வேண்டும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று, துபாயிலிருந்து 190 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், கொட்டும் மழையில் கோழிக்கோட்டில் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். கேப்டன் தீபக் சாத்தே, துணை விமானி அகிலேஷ் குமார் இருவரும் அதில் அடக்கம். சாத்தே விமானப்படை அகாடமியில் வீர வாள் பெற்றவர். சோதனை விமானியாகவும் இருந்தவர். விமானம் தொட வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கியது, மீண்டும் மேலே எழும்பத் துணை விமானி சொல்லியும் தரையிறக்கம் தொடர்ந்தது என்றது விசாரணை அறிக்கை. சாத்தே அதற்குள் பல ஆண்டுகள் பயணிகள் விமானம் ஓட்டியவர். எனவே ராணுவப் பழக்கம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. எவ்வளவு பெரிய அனுபவசாலிக்கும் பக்கத்து இருக்கையின் குரல் தேவை என்பதை மட்டும் மறக்க முடியாது.

இறங்காமல் மேலே எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் கொஞ்சம் எரிபொருள் போகும், நேரம் போகும். பின்னால் உட்கார்ந்திருக்கும் பயணிகள் சலித்துக்கொள்வார்கள். ஆனால் பத்திரமாக வீடு போய்ச் சேர்வார்கள்.

பைலட் ஆகணும் என்கிற பிள்ளையிடம் இனி செலவுக் கணக்கோடு இதையும் பேசலாம்.