பூட்ஸ் போகிறது, ஒயின் வருகிறது!

ஆம்பூர் பூட்ஸ் ஐரோப்பாவுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒயின் இந்தியாவுக்கு வருகிறது. இரண்டுக்கும் வரியைக் குறைக்க ஏற்பாடாகி இருக்கிறது.

இதற்கான ஒப்பந்தப் பேச்சு 2007-ல் தொடங்கியது, 2013-ல் நின்றது, 2022-ல் மீண்டும் தொடங்கி, 2026 ஜனவரி 27-ந் தேதி டெல்லியில் முடிந்தது.

ஒயின் என்பது திராட்சை மது. பிரான்சு, இத்தாலி, ஸ்பெயின் நாடுகளில் அதைச் சாப்பாட்டோடு அருந்துவார்கள். மீனுக்கு வெள்ளை ஒயின், ஆட்டுக்கறிக்குச் சிவப்பு ஒயின் என்பது அங்கே வழக்கம். ஆம்பூர் பிரியாணிக்குக் கத்தரிக்காயும் தயிர்ப் பச்சடியும் போல!

மலிவாகக் கிடைக்குமா?

ஒப்பந்தத்துக்கு முன் 100 ரூபாய் ஒயினுக்குச் சுங்க வரி 150 ரூபாய். அது படிப்படியாக 20, 30 ரூபாயாகக் குறையும். ஆனால் 2½ யூரோவுக்குக் குறைந்த பாட்டிலுக்குச் சலுகை கிடையாது. ஆகவே, ஐரோப்பியக் குடும்பங்கள் அன்றாடம் வாங்கும் மலிவு ஒயின் இங்கே மலிவாக வராது. மாநில வரி வேறு இருக்கிறது.

யாருக்கு லாபம்?

தோல் பொருள்களுக்கும் பூட்சுக்கும் ஐரோப்பாவில் 17 சதவீதம் வரை வரி. ஒப்பந்தப்படி அது அடியோடு போகும். வியட்நாம் 2020-லேயே இத்தகைய ஒப்பந்தத்தால் முந்திக்கொண்டது. ஒப்பந்தம் அமலானால் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சரக்கும் போட்டியில் நிற்கலாம்.

ஆனால் வெளிநாட்டு வியாபாரி, “வரிதான் போயிற்றே, விலையைக் குறை” என்று கேட்டால், லாபம் அவரோடு நின்றுவிடும். பூட்ஸ் தைக்கும் பெண்ணின் சம்பளக் கவரில் எவ்வளவு கூடுகிறது? ஆம்பூர் வீடுகளுக்கு அதுதான் கணக்கு.