முரட்டுக் குதிரையா, முதுகுவலியா?

ஈப்போவில் குதிரை பராமரிக்கும் என் பழைய மாணவன் வந்திருந்தான். "சேணம் வைத்தாலே கடிக்க வருது, சார். அடித்தால்தான் அடங்குமாம்" என்றான்.

எனக்குக் குதிரை தெரியாது, முதுகுவலி தெரியும். அப்பா காண்டா வாளி சுமந்தவர். "அடிக்காதே தம்பி, மிருக வைத்தியரைக் கூப்பிடு" என்றேன்.

வைத்தியர் முதுகெலும்பின் இருபுறமும் உள்ளங்கையால் மெல்ல அழுத்தினாராம். குதிரை முதுகைத் தாழ்த்தி, காதை மடக்கியதாம். வலிக்கு அதுவே அடையாளம். சேணம் முதுகெலும்பில் படக்கூடாது. 18ஆம் விலா எலும்பைத் தாண்டிப் பின்னால் போகவும் கூடாது. விறைப்பு இருந்தால், ஏறிச் சவாரி செய்யுமுன் பத்து நிமிடமாவது நடத்திச் செல்ல வேண்டும். நாம் விழுங்கும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், ஆபத்து!

சேணத்தைப் பிரித்தார்களாம். உள்ளே அடைத்திருந்த கம்பளி கட்டிகட்டியாக இறுகிக் கிடந்ததாம்.