கருவுறும் முன்பே சொல்லப்பட வேண்டிய எச்சரிக்கை

வலிப்பு நோய்க்குத் தரப்படும் சோடியம் வால்ப்ரோயேட், பல வகை வலிப்புகளையும் அடக்கும் ஆற்றல் உள்ள மருந்து, விலையும் குறைவு. மனநல மருத்துவத்திலும் ஒற்றைத் தலைவலிக்கும்கூட இது பயன்படுகிறது. ஆனால், கர்ப்பிணி இதை உட்கொண்டால் கருவிலுள்ள குழந்தைக்குப் பெரும் கேடு நேரலாம். பொதுவாக 100 குழந்தைகளில் 2 அல்லது 3 பேருக்குப் பிறவிக் குறைபாடு இருக்கும். வால்ப்ரோயேட் உட்கொண்ட தாய்மாரின் குழந்தைகளிடம் இது 10 பேர் அளவுக்கு உயர்கிறது. முதுகுத்தண்டு மூடாமை, பிளவுபட்ட உதடு, இதயக் கோளாறு ஆகியவை இவற்றுள் அடங்கும். பேச்சு, கற்றல், நினைவாற்றல் ஆகியவற்றில் பின்தங்கும் குழந்தைகள் 100க்கு 30 முதல் 40 பேர்.

இது புதிய செய்தி அல்ல. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வு, முதுகுத்தண்டுக் குறைபாட்டுக்கும் இந்த மருந்துக்கும் உள்ள தொடர்பை 1982லேயே சுட்டிக்காட்டியது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரை திருநாள் நிறுவனத்தில் 1998இல் தொடங்கிய, வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளின் பதிவேடும், மருந்தின் அளவு கூடக் கூட ஆபத்து கூடுவதை நம் நாட்டுப் பெண்களிடமே பதிவுசெய்தது.

அறிந்த ஆபத்தைத் தடுக்க முடியாமல் போவதற்குக் காரணம், எச்சரிக்கை தாமதமாக வருவதே. கரு உருவான 28 நாட்களுக்குள் முதுகுத்தண்டின் அடித்தளம் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போனதைப் பெண் கவனிக்கும்போது அதில் பாதிக் காலம் கடந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பத்தைப் பதிவுசெய்யும்போது முழுவதும் கடந்திருக்கும். அதன் பிறகு மருந்தை மாற்றினாலும் அந்தக் குறைபாட்டைத் தடுக்க முடியாது.

தமிழகத்தில் இந்தத் தாமதத்துக்கு வேறொரு காரணமும் உண்டு. பதினைந்து வயதில் மருந்தைத் தொடங்கும் பெண், திருமணத்தின்போது நோயை மறைக்கும்படி கட்டாயப்படுத்தப்படுகிறாள். புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்துவைத்து விழுங்குகிறாள். வீட்டுக்கு வரும் கிராம சுகாதாரச் செவிலியரிடம், மாமியாரை அருகில் வைத்துக்கொண்டு அதைச் சொல்ல அவளால் முடிவதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் கூறிய பகுதி 1999லேயே நீக்கப்பட்டது. வீடுகளில் அந்தத் தடை இன்னும் நீங்கவில்லை.

மருந்துக்கடையும் அவளைக் காப்பதில்லை. கேட்ட எண்ணிக்கைக்கு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தரும் வழக்கம் உள்ளது. மருந்தின் பெயரும் சிறிய எழுத்தில் ஆங்கிலத்தில் உள்ள எச்சரிக்கையும் கடையிலேயே தங்கிவிட, வெறும் மாத்திரை மட்டும் அவள் கைக்கு வருகிறது.

எச்சரித்தால் பெண்கள் பயந்து மருந்தையே நிறுத்திவிடுவார்கள் என்ற வாதம் உண்டு. அந்த அச்சம் நியாயமானது. திடீரென்று நிறுத்தினால் கடுமையான வலிப்பு வந்து தாய், சேய் இருவர் உயிருக்கும் ஆபத்தாகலாம். ஆனால், அரைகுறையாகத் தெரிந்துகொள்ளும் பெண்தான் அப்படி நிறுத்துவாள். லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் போன்ற, ஆபத்து குறைந்த மாற்று மருந்துகள் பலருக்குப் பொருந்தும். அவற்றுக்குப் படிப்படியாக மாற அவகாசம் வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்வதே முழுமையான எச்சரிக்கை. அந்த அவகாசம் கருவுறுவதற்கு முன்புதான் கிடைக்கும்.

பிற நாடுகள் தாமதமாகவேனும் விழித்துக்கொண்டன. பிரிட்டனில் 2018 முதல், கருத்தடை ஏற்பாடு இல்லாமல் கருவுறும் வாய்ப்புள்ள பெண்களுக்கு இதைத் தரக் கூடாது என்பது விதி; ஆபத்தைப் புரிந்துகொண்டதாக ஆண்டுதோறும் அவர்கள் கையெழுத்திட வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பங்களின் போராட்டத்தால் பிரான்ஸ் அரசு இழப்பீட்டு ஏற்பாடு செய்தது. குழந்தைகள் பாதிக்கப்பட்ட பிறகே விழித்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் நமக்கு இல்லை.

தமிழக அரசு செய்ய வேண்டியவை தெளிவானவை. கருவுறும் வயதுள்ள பெண்ணுக்கு இம்மருந்தை எழுதும் மருத்துவர், ஆபத்தை விளக்கித் தமிழில் அச்சிட்ட அட்டையைக் கையில் தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறையாவது மருந்தை மறுபரிசீலனை செய்ய வேண்டும். மாத்திரை அட்டையில் கர்ப்பிணிக்கான எச்சரிக்கைப் படம் அச்சிட மத்திய அரசை வலியுறுத்த வேண்டும். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கும் கடைகள் மீது நடவடிக்கை தேவை. பெண்ணைத் தனியே அழைத்து, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று கேட்கச் செவிலியருக்குப் பயிற்சி தர வேண்டும். ஃபோலிக் அமில மாத்திரை, கருத்தரிக்கத் திட்டமிடும்போதே தொடங்கப்பட வேண்டும். எனினும், அது வால்ப்ரோயேட்டின் தீங்கை முற்றிலும் போக்கிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

முகப்பருவுக்கான ஐசோட்ரெட்டினோயின், ரத்த அழுத்தத்துக்கான எனலாப்ரில், ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு உட்கொள்ளும் ஐபூப்ரோஃபென் முதலிய வலி மாத்திரைகள் ஆகியவையும் கருவைப் பாதிப்பவை. வால்ப்ரோயேட்டுக்கு வகுக்கும் ஏற்பாடு இவற்றுக்கும் உதவும்.

வலிப்பு நோயுள்ள பெண்களில் மிகப் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். உரிய தகவல் உரிய நேரத்தில் கிடைப்பது அவர்களின் உரிமை. அதைத் தருவது மருத்துவரின், அரசின் கடமை. மாத்திரை உட்கொண்டுவரும் பெண்கள் அதைத் தாங்களாக நிறுத்த வேண்டாம்; குழந்தைக்குத் திட்டமிடும் முன்பே மருத்துவரைச் சந்தித்துவிடுங்கள்.