உட்கார ஒரு ஸ்டூல் போடுங்க முதலாளி!

"அதான் ஆபரேஷன் பண்ணியாச்சே, இன்னும் என்ன வலி?"

வெரிகோஸ் வெயினுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வேலைக்குத் திரும்பும் கடை ஊழியர்களுக்கு வரவேற்பே இந்தக் கேள்விதான். இரண்டு மாதம் கழித்தும் வலிக்குது என்றால் "நடிக்கிறா" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள்.

நடிப்பெல்லாம் இல்லை சாமி. காலில் இறங்கிய ரத்தம் மேலே ஏறியாக வேண்டும். குழாய்க்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்பிக் கீழே இறங்காமல் தடுக்கும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை பம்ப் மாதிரி மேலே தள்ளும். அசையாமல் நின்றால்? பம்ப் ஆஃப்! வால்வு கெட்டவர்களுக்கு ரத்தம் தேங்கி, குழாய் புடைத்துச் சுருண்டுகொள்கிறது.

கெட்ட குழாயை லேசரால் மூடலாம், கத்தி வைத்து உருவியும் எடுக்கலாம். மூடிய குழாய் கயிறு மாதிரி இறுகி, சில வாரங்களுக்கு இழுத்துப் பிடிக்கும். முழங்காலுக்குக் கீழே அதை ஒட்டி ஓடும் நரம்பு அடிபட்டால் எரிச்சலும் மரத்துப்போவதும் மாதக்கணக்கில் இருக்கலாம். ஆழத்தில் இருக்கும் குழாயிலும் வால்வு பழுது என்றால் மேலே பார்த்த வைத்தியம் மட்டும் போதாது. (ஒரே காலில் திடீர் வீக்கமும் வலியும் வந்தால் ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.)

எல்லாம் முடிந்து டாக்டர் சொல்வது என்ன? நடங்க, காலைத் தூக்கி வைங்க, ரொம்ப நேரம் நிற்காதீங்க. சரிங்க டாக்டர்! கல்மண்டபத்திலிருந்து எம்.சி. ரோடு ஜவுளிக்கடைக்கு வேலைக்குப் போகிறவர் நிற்காமல் எப்படிச் சம்பளம் வாங்குவது? குழாயைச் சரிசெய்துவிட்டு, அதைக் கெடுத்த இடத்துக்கே காலைத் திருப்பி அனுப்பினால் வலி எங்கே போகும்?

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 1899-லேயே இங்கிலாந்தில் கடைப் பெண்களுக்கு இருக்கை தரச் சட்டம் போட்டார்கள். நம் தொழிற்சாலைச் சட்டம் 1948-லேயே நின்று வேலை செய்பவர்களுக்கு உட்கார வசதி கேட்டது. கடை ஊழியர்களைத்தான் மறந்துவிட்டார்கள். கோழிக்கோட்டில் விஜி தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு போராடி, கேரளா 2018-ல் சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாடு 2021 செப்டம்பரில் திருத்தியது. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்று புதுப் பிரிவு. எல்லா ஊழியருக்கும் இருக்கை வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்காரலாம். அவ்வளவுதான் மேட்டர்.

ஸ்டூல் வாங்கி மூலையில் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது சட்டத்தை மதிப்பது ஆகாது. "ஸ்டாஃப் உட்கார்ந்திருந்தா கஸ்டமர் என்ன நினைப்பான்?" என்று ஒரு வாதம் வேறு. பேங்க்கில் கேஷியர் உட்கார்ந்துதான் பணம் எண்ணுகிறார். அதற்காக யாராவது அக்கவுன்ட்டை மூடிவிட்டு வந்தோமா?

கணக்காகவே பார்ப்போம். ஸ்டூல் ஒரு தடவைச் செலவு. வாங்காவிட்டால் முதலாளிக்கு மிச்சம். அந்த மிச்சம் ஊழியரின் காலில் கடனாக ஏறுகிறது. ஸ்கேன், ஸ்டாக்கிங்ஸ், லீவில் போன சம்பளம், திரும்ப வந்தால் இன்னொரு ஆபரேஷன்... லாபம் ஒருத்தர் பேரில், நஷ்டம் இன்னொருத்தர் பேரில். எந்த டேலியில் இது பேலன்ஸ் ஆகும்?

2010-ல் 'அங்காடித் தெரு' பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டோம். அடுத்த தீபாவளிக்கு அதே மாதிரி கடையில் போய் நூறு புடவையைப் பிரிக்கச் சொன்னோம். இந்தத் தடவை ஒன்று செய்யுங்கள் மக்களே. புடவை எடுத்துப்போடும் அக்காவிடம், சூப்பர்வைசர் காதில் விழும்படி சத்தமாகவே சொல்லுங்கள்: "நாங்க பார்த்துக்கிட்டு இருக்கோம், நீங்க உட்காருங்கக்கா."