பஞ்சமி நிலம்: துரை எழுதிய கோப்பும் நம் கள்ளக் கணக்கும்

தாம்பரத்துக்குத் தெற்கே ஒரு கிரவுண்டு மனை வாங்குகிறவர் தாய்ப்பத்திரம் பார்க்கிறார், வில்லங்கம் போட்டுப் பார்க்கிறார், சிஎம்டிஏ அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்கிறார். ‘இது டி.சி. நிலமா?’ என்று, அதாவது தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலமா என்று, கேட்பவர்கள் குறைவு. கேட்டால் புரோக்கர் பேச்சை மாற்றிவிடுவார். 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு ஜிஎஸ்டி சாலையின் இருபுறமும் மண்ணின் விலை ஏறிய வேகத்தில் அந்தக் கேள்விக்கு இன்னும் மவுசு குறைந்துவிட்டது. ஆனால் அது 130 ஆண்டுகளுக்கு முன்பு இந்த மாவட்டத்தில் ஓர் ஆங்கிலேய அதிகாரி எழுப்பிய கேள்வியின் மிச்சம். அதற்கு நாம் இன்னும் நேர்மையாகப் பதில் சொல்லவில்லை.

ஜே.எச்.ஏ. திரமென்ஹீர் 1891-இல் செங்கல்பட்டு மாவட்ட கலெக்டர். அன்றைய மாவட்டம் சென்னையைச் சுற்றிவளைத்து, வடக்கே பொன்னேரியிலிருந்து தெற்கே மதுராந்தகம் வரை கிடந்தது. தலைமையிடம் சைதாப்பேட்டை. பறையர் மக்களின் நிலை குறித்து அவர் அந்த ஆண்டு அரசுக்கு எழுதிய அறிக்கை, மாவட்ட நிர்வாகத்தின் வழக்கமான காகிதம் அல்ல. அடிமை முறையை 1843-இலேயே சட்டத்தில் ஒழித்தாயிற்று என்று அரசு நிம்மதியாக இருந்தது. படியாள் என்ற பெயரில் அது உயிரோடு இருக்கிறது என்று அவர் எழுதினார். கடனில் கட்டுண்ட உழைப்பாளி மிராசுதாரை விட்டு நகர முடியாது. குடிசை நிற்கும் மண்ணும் மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் கூரை போய்விடும். ஊர்த் தரிசை உழுகிறேன் என்று தர்க்காஸ்து மனு போட்டால், அந்த நிலத்தின் மீதும் மிராசுதாருக்கே முன்னுரிமை. அந்த முன்னுரிமையைக் காத்து நின்றது அரசின் சொந்த வருவாய் விதி. அதாவது, குற்றவாளியைத் தேடிப்போன கலெக்டரின் கை தன் மேசை டிராயரிலேயே போய் நின்றது.

தரிசு நிலத்தை அம்மக்களுக்கே ஒதுக்குங்கள், குடியிருக்கும் மனைக்கு உரிமை கொடுங்கள், பள்ளிக்கூடம் வையுங்கள் என்று அவர் கேட்டார். வருவாய் வாரியத்தின் பெரிய அதிகாரிகளுக்கு அது பிடிக்கவில்லை. மிராசுதாரைச் சீண்டினால் வரி வசூல் என்ன ஆகும் என்பது அவர்கள் கவலை. கடைசியில் 1892 செப்டம்பர் 30 அன்று 1010-ஆம் எண் அரசாணை வந்தது. கேட்டதில் ஒரு பகுதிதான் கிடைத்தது. அந்தப் பகுதியைத்தான் தமிழ்நாடு பஞ்சமி நிலம் என்று அறியும். பத்து ஆண்டுக்கு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதன் பிறகும் தாழ்த்தப்பட்ட மக்களுக்குள்ளேயே கைமாற வேண்டும். மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்த நிபந்தனைகள் பிற்காலத்தில் வருவாய் வாரிய நிலை ஆணைகளிலும் உறுதியாகின.

இதை வெள்ளைக்காரர் போட்ட பிச்சை என்று யாரும் எண்ண வேண்டாம். மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அப்போது சென்னையில் பறையர் மகாஜன சபையைக் கட்டிக்கொண்டிருந்தார். அயோத்திதாசர் 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்திலேயே எழுந்து தரிசு நிலத்தையும் பள்ளிக்கூடத்தையும் கேட்டார். செங்கல்பட்டுச் சுற்றுவட்டாரத்தில் ஊழியம் செய்த மிஷனரிகள் மனு மேல் மனு போட்டனர். கேட்ட குரல்கள் பல. கோப்பில் ஏற்றிய கை ஒன்று. அந்தக் கையைப் பாராட்டுவதற்குப் பேரரசை மன்னிக்க வேண்டிய அவசியம் இல்லை.

ஆங்கிலேய அதிகாரிகளை எடைபோடும் நம் தராசு பழுதானது. 1794 முதல் 1798 வரை இதே சீமையின் கலெக்டராக இருந்த லியோனல் பிளேஸைப் பற்றி மதுராந்தகத்தில் கேளுங்கள்: உடையவிருந்த ஏரிக்கரையில் வில்லேந்தி நின்ற ராமனைக் கண்ட துரை என்று கதை வரும், தாயார் சன்னதிக் கல்வெட்டைக் காட்டுவார்கள். ஏரியைப் பழுது பார்த்தது நல்ல காரியம், மறுக்கவில்லை. ஏரி நிறைந்தால் கும்பினியின் கஜானாவும் நிறையும் என்பதைக் கதை சொல்வதில்லை, அவ்வளவுதான். கொட்டிவாக்கம், சோழிங்கநல்லூர் என்று ஓஎம்ஆரை ஒட்டி நாறிக் கிடக்கும் கால்வாயைப் பாருங்கள். 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் பட்டினி கிடந்தவர்களைக் கொண்டு சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டியபோது, அன்றைய கவர்னரான பக்கிங்காம் கோமகனின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அதே பஞ்சத்தில் நிவாரண வேலையில் மண் சுமந்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் போதும் என்று கூலியைக் குறைத்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். அந்தக் கூலியில் மனிதன் மெலிந்து சாவான் என்று உடல் எடைக் கணக்கோடு எதிர்த்து எழுதியவர் சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ். இருவரும் ஒரே ராணியின் சம்பளம் வாங்கியவர்கள். டெம்பிள் பிறகு பம்பாய் கவர்னரானார். கார்னிஷின் பெயரைச் சென்னையில் இன்று எத்தனை பேர் அறிவர்?

நம் தீர்ப்பு இது: அதிகாரியை அவன் கட்டிய அணையாலும் வெட்டிய கால்வாயாலும் அளக்கக்கூடாது. தன் அரசுக்கே கசக்கும் உண்மையைக் கோப்பில் எழுதினானா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கார்னிஷும் திரமென்ஹீரும் தேறுகிறார்கள். டெம்பிள் தேறவில்லை. பிளேஸுக்கு ஏரி ஒன்று மட்டும் வரவு. அதே அளவில் நம்மவர்களையும் நிறுத்திப் பார்த்தால்தான் தலை குனிய வேண்டியிருக்கிறது.

தமிழ்நாடு முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் பஞ்சமி நிலம் வழங்கப்பட்டது என்பது நில உரிமை இயக்கங்கள் சொல்லும் கணக்கு. அதில் பெரும்பகுதி இன்று வேறு கைகளில் இருக்கிறது என்பதை ஆண்ட கட்சியும் ஆளும் கட்சியும் மறுத்ததில்லை. தேர்தல் நேரத்தில் ஒருவரை ஒருவர் இதைச் சொல்லித்தான் ஏசுகிறார்கள். எப்படிப் போனது? கந்துவட்டிக் கடனுக்குக் கைநாட்டு வாங்கினார்கள். விற்கக்கூடாத நிலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவானது. கிராமத்து ‘அ’ பதிவேட்டில் இருந்த நிபந்தனைக் குறிப்பு, 1979-இல் தொடங்கிய யூடிஆர் நில ஆவணத் திருத்தத்தின்போது பல ஊர்களில் சத்தமில்லாமல் காணாமல் போனதாக மக்கள் இன்றும் முறையிடுகிறார்கள். அதற்குமேல் லேஅவுட் போட்டால் புது சர்வே உட்பிரிவு, புதுப் பட்டா, பழைய கதைக்குத் தடயமே இல்லை. திரமென்ஹீர் காலத்து மிராசுதாருக்கு விதி துணை நின்றது. இன்றைய மிராசுதாருக்கு விதியை மீறும் அலுவலகமே துணை நிற்கிறது.

திருப்பிக் கேட்டவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் இதே மாவட்டத்தின் வரலாறு. மாமல்லபுரத்தை அடுத்த காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியவர்கள் மீது 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. இருவர் செத்தார்கள். துப்பாக்கி நீட்டியது எந்தத் துரையும் அல்ல, சுதந்திர இந்தியாவின் காவல்துறை.

‘அவர்களேதான் விற்றார்கள்’ என்ற வாதத்தை நாம் ஏற்கவில்லை. பசிக்கு விற்பார்கள் என்று தெரிந்துதான் விற்கக்கூடாது என்று விதி எழுதப்பட்டது. வாங்கியவன் அறிந்தே வாங்கினான். பதிந்தவன் அறிந்தே பதிந்தான். ஆயுள் சேமிப்பைக் கொட்டி, வங்கிக் கடனும் வாங்கி, ஒன்றும் அறியாமல் கடைசியில் வீடு கட்டியவரின் நிலை வேறு. அவரைத் தெருவில் நிறுத்தச் சொல்லவில்லை. அங்கீகாரம் கொடுத்த அரசும், மனை போட்டு விற்றவரும், பறிபோனவர் வாரிசுகளுக்கு அதே வட்டத்தில் அதே அளவு மாற்று நிலம் கொடுக்கட்டும். பணமாக எறிந்து கணக்கை முடிக்கக்கூடாது. 1892-இல் கொடுத்தது மண், பறித்ததும் மண்.

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமானது, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியானது. எல்லை வரைவதில் காட்டிய சுறுசுறுப்பில் பாதியைக் காட்டினாலும் போதும். தாம்பரம், பல்லாவரம், வண்டலூர், திருப்போரூர் உள்ளிட்ட எட்டு வட்டங்களிலும் யூடிஆருக்கு முந்தைய பதிவேடுகளை எடுத்து, பஞ்சமி நில சர்வே எண்களைக் கிராமம் கிராமமாக இணையத்தில் வெளியிட வேண்டும். அந்த எண்களில் பத்திரப் பதிவை அன்றே முடக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், ஆணையம் வேண்டாம், மாவட்ட ஆட்சியரின் கையெழுத்து போதும்.