மில்லி செகண்ட் திருத்தமும் 63-ஆம் பிரிவும்

வீட்டில் பதிவான தொலைக்காட்சிச் செய்தியில் ஒலி பிந்தி வந்தால் சரிசெய்து கொடுக்கலாமா? 2024 ஜூலை 1 அன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறைக்கு வந்தபின் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள். வீட்டில் போட்டுப் பார்க்க என்றால் தாராளமாகச் செய்யலாம். வழக்குக்குப் போகும் பதிவென்றால் மூலக் கோப்பில் கை வைக்கவே கூடாது. இதுவே இந்த இதழின் நிலை.

மின்னணுப் பதிவைச் சாட்சியமாகத் தரும்போது அந்தச் சட்டத்தின் 63(4) பிரிவுப்படி இணைக்க வேண்டிய சான்றிதழ், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷைக் கேட்கிறது. ரீ-என்கோட் எதுவும் செய்யாமல், கன்டெய்னரில் ஆடியோவை 80 மில்லி செகண்ட் நகர்த்தினாலும் ஹாஷ் மாறிவிடும். படமும் ஒலியும் அப்படியேதான் இருக்கின்றன என்று நாம் சொல்வது அங்கே எடுபடாது. ஆகவே முதலில் மூலத்துக்கு எஸ்எச்ஏ-256 எடுங்கள். திருத்தத்தைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள்.

திருத்துமுன் பிசகின் வகையைப் பிரித்தறியுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு என்றால் ஆஃப்செட் போதும். போகப் போகக் கூடினால் அது டிரிஃப்ட். விஎச்எஸ் கேசட்டின் படத்தை கேப்சர் கார்டிலும் ஒலியை சவுண்ட் கார்டிலும் தனித்தனியே வாங்கும்போது, இரு கடிகாரங்களுக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே 3 மணி நேர முடிவில் அரை நொடிக்கு மேல் விலகிவிடும். அங்கே ஒலியின் நீளத்தையே மாற்ற வேண்டும். மழையில் டிஷ் சிக்னல் விட்டுவிட்டு வந்த டிஎஸ் (டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்) கோப்பிலோ ஒவ்வோர் அறுப்புக்குப் பின்னும் பிசகு தாவும். கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையிலிருந்து வரும் பதிவுகளில் முதலில் இதைத் தேடுங்கள். பிடிஎஸ் எனும் நேர முத்திரைகளைப் பார்த்து, தொலைந்த ஆடியோ ஃபிரேம்களின் இடத்தை நிசப்தத்தால் நிரப்புங்கள். எம்பி2 ஒலியின் ஒரு ஃபிரேம் 48 கிலோஹெர்ட்ஸில் 24 மில்லி செகண்ட். இப்படி நிரப்புவதில் அதைவிட நுணுக்கம் வேண்டுமானால் ரீ-என்கோட் தவிர வழியில்லை. சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் (ஐடியு) பிடி.1359 பரிந்துரைப்படி ஒலி 45 மில்லி செகண்ட் முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. அந்த எல்லைக்குள் இருக்கும் சாட்சியப் பதிவைத் திருத்தவே வேண்டாம்.

இதுவரை நம் பொறுப்பு. இனி அரசின் பொறுப்பு.

சான்றிதழ்ப் படிவம் டிவிஆரா, பென் டிரைவா, சிடியா என்று கேட்கிறது. சாதனத்தின் மாடல், சீரியல் எண், நிறம்கூடக் கேட்கிறது. அந்தப் பதிவில் யார், எதை, எத்தனை மில்லி செகண்ட் திருத்தினார் என்று எழுத ஒரு கட்டம் இல்லை. பகுதி பி-யில் நிபுணர் கையெழுத்திட வேண்டும். நிபுணர் யார் என்று 63-ஆம் பிரிவு வரையறுக்கவில்லை. கள்ளக்குறிச்சியில் நடந்த 2024 ஜூன் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பின், கல்வராயன் மலை மக்களின் நிலையைச் சென்னை உயர்நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. அந்த மக்கள் தொலைக்காட்சியில் பேசிய பேச்சு வாயசைவோடு ஒட்டாமல் ஓடினால், ஒலி பின்னால் சேர்க்கப்பட்டது என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் தள்ளிவிடும். அதை மறுக்க அந்த மலையிலுள்ள வெள்ளிமலைக்காரர் எந்த நிபுணரிடம் போவார்? கள்ளக்குறிச்சி 2019 நவம்பர் 26 முதல் தனி மாவட்டம். இப்படி ஒரு நிபுணர் இல்லாமல், ஆட்சியர் அலுவலகம் வந்ததோடு மாவட்டம் முழுமையாகிவிடாது. கேசட் காலத்திலிருந்து இந்த வேலையைச் செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், படிவம் எழுதியவர்களுக்கு இந்தக் குறை தெரிந்திருக்கும். தாலுகா ஊரில் உட்கார்ந்து ஃபிரேம் ஃபிரேமாகப் பார்ப்பவரின் அறிவை எந்த அதிகாரியும் அறிவென்று எண்ணியதில்லை. இது நெடுநாள் மனக்குறை.

நாம் கேட்பது இரண்டு: படிவத்தில் திருத்தக் குறிப்புக்கு ஒரு பகுதி; மாவட்டந்தோறும் தகுதி சோதித்து அறிவிக்கப்பட்ட நிபுணர் பட்டியல். அதுவரை, சாட்சியமாகத் தரும் ஒவ்வொரு பிரதியோடும் ஒரு தாள் இணையுங்கள்: இரு ஹாஷ்கள், திருத்திய அளவு, எந்த நிமிடத்தில், எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பில், உங்கள் கையெழுத்து. யாரும் கேட்காவிட்டாலும் கொடுங்கள். அந்தத் தாள்கள் வழக்குக் கட்டுகளில் சேரச் சேர, படிவத்தில் விடுபட்டது என்ன என்பது வழக்கறிஞர்களுக்கும் நீதிபதிகளுக்கும் தானே தெரியவரும்.